இருபத்துமூன்றாம் வளைவில் காத்திருந்த பதில்

நெடுங்கொம்பு மலையின் பழைய சாலைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு ஒரு மஞ்சள் பலகை, பலகைக்கு ஒரு கறுப்பு எண், அந்த நாற்பது எண்களையும் காலையில் கீழிருந்து மேலாகவும் மாலையில் மேலிருந்து கீழாகவும் எண்ணிக்கொண்டு போய்வர ஒரே ஒரு அரசு பஸ். மலையின் மறுபக்கத்தில் அகலமான புதுச்சாலை வந்த பிறகு லாரி, ஜீப், மோட்டார் சைக்கிள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட, இந்த பஸ்ஸை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால், அல்லது போட்ட உத்தரவு ஏதோ ஒரு மேசையின் இழுப்பறையில் தூங்கிப்போனதால், அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை, உச்சியிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று ஒழுங்காக இறங்கிவந்த அந்த பஸ், முப்பத்தொன்றாம் வளைவில் மூக்கைத் திருப்பி நிமிர்ந்தபோது ஒன்பதாம் வளைவில் இருந்தது.

குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை, உள்ளங்கையில் வைத்திருந்த வேர்க்கடலை உள்ளங்கையிலேயே இருந்தது, தோளில் சாய்ந்து தூங்கியவர்கள் அதே தோளில் தூங்கினார்கள். இடையில் இருந்திருக்க வேண்டிய இருபத்தொரு வளைவுகளையும் யாரும் தேடவில்லை. இருபத்தாறாம் வளைவில் வாந்தி எடுப்பதை இருபது வருட வழக்கமாக வைத்திருந்த சரசக்கா மட்டும், வளைவு வராவிட்டாலும் நேரம் வந்துவிட்டது என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முறையைச் செய்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு வெரசா வந்துட்டோம்ல" என்றாள். அவ்வளவுதான் பஸ்ஸில் இருந்த எங்களுடைய வியப்பு. டிரைவர் சற்குணம்தான் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரங்கட்டி, திரும்பிப் பார்த்து, அடகுவைத்த பொருளைக் கேட்பவர்போல, "இருபத்துமூணு எங்கய்யா?" என்று கேட்டார்.

"அது மேலயே இருக்கும், எங்க போயிடப் போகுது. நீங்க வண்டியை எடுங்க" என்றார் கண்டக்டர் பீர்முகமது.

அன்றிலிருந்து பஸ் அப்படித்தான் ஓடியது. பத்து வளைவு ஒழுங்காக ஊர்ந்து போகும், பிறகு ஒரு தாவல்; சில நாள் இரண்டு தாவல்; சில நாள் தாவல் பின்னோக்கி விழுந்து, ஐந்திலிருந்து முப்பத்தெட்டுக்குப் போய், பட்ட பாட்டையெல்லாம் மறுபடி படவேண்டி வரும். மலை அதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. அடிவார நிறுத்தத்தில் மோந்துபார்க்க எலுமிச்சம்பழம் விற்கும் பாப்பாத்தியம்மா, வளைவு குறைந்தால் தலைச்சுற்றலும் குறைந்து வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரே ஒரு நாள் கவலைப்பட்டாள். மறுநாள் முதல், "திடீர்னு போய்ச் சேர்ந்தா காது அடைக்கும், கையில ஒண்ணு வச்சுக்க" என்று அதே பழத்தை அதற்கும் மருந்தாக்கினாள். வளைவுக்கு ஒன்றாக முருகன்மேல் நாற்பது வெண்பா கட்டி முப்பது வருடமாக அந்தந்த வளைவில் அந்தந்தப் பாட்டை முணுமுணுத்து வந்த ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஆவுடையப்பனுக்குத்தான் தருமசங்கடம்: தாண்டப்பட்ட வளைவுகளின் வெண்பாக்களை என்ன செய்வது? உலகைச் சுற்றிவரச் சொன்னபோது அம்மையப்பனைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்ட அண்ணனிடம் ஏற்கெனவே ஏமாந்தவர் முருகன். குறுக்குவழிக்காரர்கள்மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல் இருக்கும் என்பது ஆவுடையப்பனின் அச்சம். ஆகவே விடுபட்ட பாட்டுகளை வீட்டுக்குப் போய்த் தன் மனைவி எதிரே உட்கார்ந்து பாடிக் கணக்கை நேர்செய்தார். பஸ் தாவக்கூடாது என்று வேண்டிக்கொண்ட இரண்டாவது ஆள் அந்த அம்மாள்.

முதல் ஆள் சற்குணம். அதற்குக் காரணம் உண்டு.

இருபத்துமூன்றாம் வளைவையொட்டி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் ஒரு வரிசை. இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே குடியிருந்தார்கள். அந்த வளைவு மலையிலேயே செங்குத்தானது. அங்கே பஸ்ஸை நிறுத்தினால் திரும்பக் கிளப்ப முடியாமல் பின்னால் உருளும் என்பதால் அதற்கு நிறுத்தம் கிடையாது. ஆனால் எந்த டிரைவரும் அங்கே முதல் கியருக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த ஊர்தலில், லயனில் வீட்டிலேயே சமைத்து விற்கும் கைச்சமையல் நடத்தும் யோகமலர், சாலையோரத்துப் பாறைமேல் ஏறி நின்று, காலையில் பலகாரத்தையும் மாலையில் இடியாப்பத்தையும் வாழையிலையில் கட்டி டிரைவர் ஜன்னலுக்குள் நீட்டிவிடுவாள். கை நீட்டுவது முதல் பஸ் திரும்பி மறைவது வரை பதினோரு நொடி. போகும்போது பதினோரு நொடி, வரும்போது பதினோரு நொடி என்று ஆறு வருடமாகப் பேசிப் பேசி இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். "உப்பு கூட" என்பது காலைப் பேச்சு என்றால் "உங்க நாக்குதான் கூட" என்பது மாலைப் பதில். ஒரு சண்டை ஒன்பது நாள் நடந்தது. சமாதானத்துக்கு ஐந்து நாள் ஆயிற்று. முதல் நான்கு வருடம் "நீங்க" என்று கூப்பிட்டவர் பிறகு "நீ" என்றார். அவள் மட்டும் கடைசிவரை "நீங்க"தான். பஸ்ஸில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் வேறெங்கோ பார்ப்பதில் கைதேர்ந்தவர்களாகிவிட்டோம்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஏறும்போது சற்குணம் கேட்டார்: "என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் சொல்றேன்" என்றாள்.

சாயங்காலம்தான் இருபத்துமூன்று வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

நடந்து போய்க் கேட்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கேட்டிருக்கலாம். ஆனால் யோகமலரை இதற்குமுன் ஏழு கூட்டம் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஏழாவது கூட்டம் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு "பொண்ணு கொஞ்சம் உசரம்" என்று எழுந்து போன அன்று அவள் சபதம் எடுத்தாள்: இனிமேல் கல்யாண நினைப்போடு எந்த ஆண் அந்த வீட்டு வாசலை மிதித்தாலும் கதவு திறக்காது. வாரவிடுமுறையில் தோட்டத்துக் குறுக்குப்பாதை வழியாக இறங்கிப்போய்க் கதவைத் தட்டிய பீர்முகமதுக்குத் திறந்தது. அவருக்கு நாலு பேரன்.

"எங்கிட்ட சொல்லும்மா, நான் கொண்டுபோய்ச் சேக்கிறேன்" என்றார் அவர்.

"இது என்ன டிக்கெட்டா மாமா, நீங்க கிழிச்சுக் குடுக்க? கேட்டவரு வந்து வாங்கிக்கட்டும்."

"அவர் வரலாம்னா பஸ் வரமாட்டேங்குதே."

"அது பஸ்ஸோட பாடு" என்றாள். பேச்சு அப்படி இருந்தாலும், வராத பஸ்ஸுக்காகக் காலையும் மாலையும் அவள் பாறைமேல் ஏறி நிற்பதையும், ஆறிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்குவதையும் லயனே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது வாரம் சற்குணத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. 'நவம்பர் முப்பதாம் தேதி மாலை, தனது இறுதி நடையை முடித்ததும் விடுவிக்கப்படுகிறார்' என்று போட்டிருந்தது; போகவேண்டிய இடம் கடலோரத்தில் ஏதோ ஒரு டிப்போ. அதைப் படித்த நாள் அவர் ஒரு வளைவில்கூட ஹாரன் அடிக்கவில்லை.

உச்சியில் உள்ள கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஹெப்சிபா டீச்சர் தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து, பஸ் எங்கிருந்து எங்கே தாவுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவர். அன்று அவர் வாயைத் திறந்தார்.

"ஒரு பொருள் இங்கேருந்து அங்கே போகும்போது ஒரே வழியில போறதில்லை கண்டக்டர். இருக்கிற எல்லா வழியிலயும் சேர்ந்து போகுது. அத்தனை வழியையும் கூட்டினா மிஞ்சுறதுதான் நம்ம கண்ணுக்குத் தெரியறது."

"எல்லா வழிக்கும் டிக்கெட் எடுத்திருக்கா?" என்றார் பீர்முகமது.

"சும்மா கேளுங்க. சாதாரணமா அந்த வழிங்க எல்லாம் குடிகாரன் நடை மாதிரி. சின்னச் சின்ன அடி, தள்ளாட்டம். அந்த நடைக்கு ஒரு எண் இருக்கு, ரெண்டு. அது ரெண்டைவிடக் கொஞ்சம் குறைஞ்சா, சின்ன அடிகளுக்கு நடுவுல எப்பவாவது ஒரு பெரிய தாவல் வந்துடும். பின்னக் குவாண்டம் இயங்கியல்னு பேரு. நான் அதுலதான் ஆராய்ச்சி பண்ணினேன். கண்ணால பார்க்க முடியாத சமாசாரம், வேற தலைப்பு எடும்மான்னு வழிகாட்டி சொல்லிட்டார்." நோட்டைத் தட்டினார். "இங்க கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணு புள்ளி ஒன்பது மூணு ஏழு அஞ்சு."

பீர்முகமது கண்ணை மூடினார். அவர் பழைய பின்னக் கணக்கான கீழ்வாய் எண்களை மனப்பாடமாக வைத்திருந்த கடைசி அரசு ஊழியர். "ஒண்ணே முக்காலே மூணுவீசம்" என்றார். "ரெண்டுக்கு ஒரு வீசம், பதினாறுல ஒரு பங்கு, கம்மி. ஒரு வீசம் குறைஞ்சதுக்கா இந்த ஆட்டம்?"

"அந்த ஒரு வீசம் இருந்தாத்தான் சராசரியை விட்டு விலகுறது ஒரு கட்டுக்குள்ள நிக்கும். அது போச்சுன்னா தாவல் எவ்வளவு பெரிசாவும் வரலாம்." அடிவாரத்து டைம்கீப்பர் இரண்டு வாரமாகப் பயண நேரம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்று கண்டுபிடிக்க முடியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததற்கும் அதுதான் காரணம் என்று எங்களுக்கு அப்போது விளங்கியது.

"அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர்" என்றார் சற்குணம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏன் இருபத்துமூணு மட்டும் வரமாட்டேங்குது?"

"மட்டும் இல்லை. நடுவுல இருக்கிற எதுவும் வர்றதில்லை. பெரிய தாவல் எங்கேருந்து எங்க விழுந்தாலும் நடுவைத்தானே முழுங்கும்? ஓரத்துல இருக்கிறவங்களுக்குக் கவலையில்லை." பிறகு, ஆறுதலாகவோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார்: சாதாரண உலகத்தில் சக்கரத்துக்குத் தன் அடியில் உள்ள தார் மட்டும்தான் தெரியும், இங்கே நாற்பது வளைவும் ஒரே நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் இருக்கின்றன, எங்கோ நடப்பது இங்கே உறைக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மலை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இருபத்துமூன்றாம் வளைவை அழகாக்கினால் பஸ்ஸுக்கு அது ஒன்பதாம் வளைவிலேயே உறைக்கும் என்று முடிவாயிற்று. லயன்காரர்கள் வாழைமரம் கட்டினார்கள், மாவிலைத் தோரணம் கட்டினார்கள், மைக்செட் வைத்தார்கள், வளைவின் ஓரத்தைக் கழுவிக் கோலம் போட்டார்கள். மற்ற வளைவுகளில் இருந்தவர்கள் தங்கள் இடம் எடுப்பாகத் தெரியக்கூடாது என்று வாசல் தெளிக்காமல் ஒத்துழைத்தார்கள். பாப்பாத்தியம்மா எலுமிச்சைக் கூடையைச் சாக்குப் போட்டு மூடினாள். பஸ்ஸுக்கு மாலை போட்டு நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கியும் பார்த்தோம். அன்று மாலை பஸ் ஒரு தாவலும் இல்லாமல் நாற்பதிலிருந்து இருபத்துநாலு வரை ஊர்ந்து இறங்கியது. பாட்டுச் சத்தம் கேட்டது. சற்குணம் கியரை மாற்றி, தலைமுடியைக் கோதிக்கொண்டார். பஸ் இருபத்திரண்டில் இருந்தது. பாட்டு இப்போது பின்னாலிருந்து கேட்டது.

"இது திட்டம் போட்டுப் பண்ணுது" என்றாள் சரசக்கா. முதல்முறையாக அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் கோபம் வந்தது. டிப்போவில் சொல்லி வேறு பஸ் வரவழைத்தோம். அதுவும் தாவியது.

அப்போதுகூட எங்களுக்குப் புத்தி வரவில்லை. யோகமலருக்குத்தான் வந்தது.

காது கிழிந்த மந்தி ஒன்று அவளுடைய பாறைக்கு எதிரே தினமும் வரும். நவம்பர் இருபத்தாறாம் தேதி காலை ஏழரைக்கு அது சாலையில் இறங்கி, சின்னதாக நாலடி வைத்து, ஐந்தாவது அடியில் இல்லாமல் போனது. அன்று விடுமுறையில் இருந்த பீர்முகமது சாயங்காலம் வந்து ஊர்க்கதை பேசும்போது, காது கிழிந்த மந்தி ஒன்று அடிவாரத்தில் பாப்பாத்தியம்மாவின் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகச் சொன்னார். அதன் அண்ணன் தம்பியாக இருக்கும் என்றார்.

"எப்ப மாமா?"

"காலையில, ஏழரை இருக்கும்."

யோகமலர் சாலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தாவுறது பஸ் இல்ல மாமா, ரோடு" என்றாள்.

மூன்று வாரமாக இது யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் எளிது. அந்த மலையில் யாரும் தார்ச்சாலையில் நடப்பதில்லை. வளைவுக்கு வளைவு சுற்றிக்கொண்டு போவது வண்டிக்குத்தான் விதி. மனிதர்களுக்குத் தேயிலைப் புதர்களுக்கு நடுவே செங்குத்தான குறுக்குப்பாதை இருக்கிறது. சாலையில் நடப்பவனைச் சோம்பேறி என்று சிரிப்பது அங்கே வழக்கம். ஆகவே சாலையில் அடியெடுத்து வைத்துப் பார்க்க ஒரு மந்தி தேவைப்பட்டது.

மறுநாள் மாலை, பஸ் உச்சியில் கிளம்பும் நேரத்தில், யோகமலர் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாறையிலிருந்து தாரில் இறங்கினாள். சின்னச் சின்ன அடிகளாக நடந்தாள். பதினேழாவது அடியில் முப்பத்தெட்டாம் வளைவில் இருந்தாள்; பஸ் அப்போதுதான் அதைக் கடந்து போயிருந்தது, புகை இன்னும் நின்றது. அங்கே சோளம் சுட்டுக்கொண்டிருந்தவருக்கு இடியாப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குறுக்குப்பாதையில் வீடு வந்தாள். அடுத்த நாள் அடிவாரத்தையொட்டிய இரண்டாம் வளைவில் போய் விழுந்து, பாப்பாத்தியம்மாவுக்குச் சாப்பாடு ஆயிற்று.

"யாரைத் தேடி வந்தே?" என்றாள் பாப்பாத்தியம்மா, தேங்காய்ப்பாலை உறிஞ்சிக்கொண்டே.

"உங்களை இல்ல."

"தெரியுது. ஆனா நல்லா இருக்கு. நாளைக்கும் இங்கயே விழு."

மூன்றாம் நாள் பன்னிரண்டாம் வளைவில், ஆவுடையப்பன் மனைவி தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் போய் நின்றாள். அந்த அம்மாள் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "நீ பதிலைச் சொல்லிட்டா பஸ் சரியா ஓடுமா? சொல்லித் தொலையேன்மா, எனக்குத் தினமும் இருபது வெண்பா" என்று அழமாட்டாக் குறையாகக் கேட்டாள். மலை முழுக்க இடியாப்பத்தின் ருசி பரவிவிட்டது, சற்குணத்தைத் தவிர.

நவம்பர் முப்பது. இறுதி நடை. வழக்கமாக முப்பது பேர் ஏறும் பஸ்ஸில் எழுபது பேர் இருந்தோம். வேலை எதுவும் இல்லாதவர்களும் கீழே இறங்கவேண்டிய அவசரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு ஏறியிருந்தார்கள். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. முப்பத்தாறாம் வளைவில் சற்குணம் நிமிர்ந்தபோது, இடதுபக்கம் இன்ஜின் பெட்டிமேல், மடியில் வாழையிலைப் பொட்டலத்தோடு யோகமலர் உட்கார்ந்திருந்தாள். இருபத்துமூன்றில் தாரில் அடியெடுத்து வைத்த அவளுக்கே அது தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கடமை தவறாத பீர்முகமது பையைத் திறந்தார். "எங்க ஏறினே?"

"ஏறலையே."

"ஏறாம எப்படி இறங்குவே? எந்த ஸ்டேஜ்னு கிழிக்கிறது?"

"கண்டக்டரே, வாயை மூடுங்க" என்றது எழுபது பேரின் குரல்.

அதன்பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. உண்மையில் அந்த மாதத்தில் எங்களை ஆச்சரியப்படவைத்தது அது ஒன்றுதான். அவர்கள் இருவரும் பேசவில்லை. "என்ன இன்னைக்கு?" என்றார் அவர். "இடியாப்பம்" என்றாள் அவள். அத்தோடு பதினோரு நொடி முடிந்துவிட்டது. அதற்குமேல் பேசி அவர்களுக்குப் பழக்கமில்லை. முப்பத்தைந்து போயிற்று, முப்பத்துநாலு போயிற்று. பஸ் தாவவும் இல்லை. ஒவ்வொரு வளைவையும் உருட்டி உருட்டி, வேண்டுமென்றே தாமதிப்பதுபோல இறங்கியது. முப்பதில் சரசக்கா, "கேளுய்யா" என்று பல்லைக் கடித்தாள். இருபத்தெட்டில் ஆவுடையப்பன் தன் பாட்டை நிறுத்தினார். இருபத்தாறில் சரசக்கா வாந்தி எடுக்க மறந்தாள்.

இருபத்தைந்தில் சற்குணம் தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்."

"கேட்டீங்க. அன்னைக்கு சாயங்காலமே வந்திருந்தா 'சரி'ன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருப்பேன். இருபத்தாறு நாள் யோசிக்க விட்டுட்டீங்க. இப்ப பதில் நீளமாயிடுச்சு."

"சொல்லு. ரோடு இருக்கு."

அவள் சொன்னாள். தான் மலையை விட்டு இறங்கப்போவதில்லை என்றாள், அவர்தான் லயனுக்கு வரவேண்டும் என்றாள், கைச்சமையலை விடப்போவதில்லை என்றாள், அவர் சமையலில் குறை சொன்னால் ஒன்பது நாள் அல்ல, தொண்ணூறு நாள் சண்டை போடப்போவதாகச் சொன்னாள், உயரத்தைப் பற்றி அவருடைய அம்மா ஏதாவது பேசினால் பெஞ்சுமேல் ஏறி நின்று பதில் சொல்லப்போவதாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" என்றார். ஒரு "ம்" தாமதமானபோது நாங்கள் எழுபது பேரும் "ம்" என்றோம். "இதுக்கெல்லாம் சம்மதம்னா, எனக்கும் சம்மதம்" என்று அவள் முடித்தாள்.

"நாளைக்குக் கடலோரத்துக்குப் போகச் சொல்லியிருக்காங்களே" என்றார் சற்குணம்.

"அது உங்க பாடு" என்று அவள் பொட்டலத்தைப் பிரித்து, ஸ்டீயரிங்கிலிருந்து கை எடுக்க முடியாதவருக்கு ஒரு வாய் ஊட்டினாள். ஆறு வருடத்தில் முதல்முறையாகச் சூடாகச் சாப்பிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பீர்முகமது டிக்கெட் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பஸ் அடிவாரத்தில் நின்றது. டைம்கீப்பர் விடுவிப்புப் படிவத்தோடு காத்திருந்தார். விதிப்படி, இறுதி நடை முழுப் பாதையிலும் முடிக்கப்பட்டது என்று டிரைவரும் கண்டக்டரும் ஒரு பயணியும் கையெழுத்திட வேண்டும்.

"நாற்பது வளைவும் கடந்தீங்களா?"

சற்குணம் யோசித்தார். "இருபத்தஞ்சு வரைக்கும் ஞாபகம் இருக்கு."

"அதுக்குக் கீழே?"

டைம்கீப்பர் கண்டக்டரைக் கேட்டார், சரசக்காவைக் கேட்டார், ஆவுடையப்பனைக் கேட்டார். இருபத்துநாலு முதல் ஒன்று வரை ஒரு பலகையையும் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. எழுபது பேரும் இன்ஜின் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்திருந்தோம். ஊர்ந்து வந்தோமா, தாவி வந்தோமா, மூன்றுமுறை மேலே போய்த் திரும்பி வந்தோமா, சத்தியம் செய்ய ஆளில்லை.

"கீழே வந்துட்டீங்கல்ல, அப்ப கடந்துதானே இருக்கணும்?" என்றார் டைம்கீப்பர்.

"அப்படிச் சொல்ல முடியாது" என்றார் ஹெப்சிபா டீச்சர், ஒரு மாதமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல. "பார்க்காத வளைவைக் கடந்ததாவும் சொல்ல முடியாது, கடக்கலைன்னும் சொல்ல முடியாது. வேணும்னா நான் எழுதித் தர்றேன்." பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தார், சமன்பாடுகளோடு.

டைம்கீப்பர் நேர்மையானவர். உறுதியாகத் தெரியாத ஒன்றுக்குக் கீழே அவர் முத்திரை வைத்ததில்லை. படிவத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, நடை முடிந்தது என்று நிரூபணமாகும் வரை டிரைவர் அதே வண்டியில் தொடர்ந்து பணியாற்றலாம் என்று பதிவேட்டில் எழுதினார்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஆகிறது. தை மாதத்தில் கல்யாணம் நடந்தது, இருபத்துமூன்றாம் வளைவிலேயே, சாலையை விட்டுத் தள்ளி. இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளைச் சாலைப்பக்கம் விடுவதில்லை, போனால் எந்த வளைவில் தேடுவது என்று தெரியாது. சற்குணம் காலையில் லயனிலிருந்து கிளம்பிப்போய் பஸ்ஸை எடுக்கிறார், மாலையில் வீடு திரும்புகிறார். ஆனாலும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் நவம்பர் முப்பதாம் தேதி இறுதி நடையில், இருபத்துநாலுக்கும் ஒன்றுக்கும் நடுவில் எங்கோ, வாயில் இடியாப்பத்தோடு இறங்கிக்கொண்டிருக்கிறார்.